களத்துமேட்டிலிருந்து கஜானா வரை: சென்னை மாகாண மராமத்தில் ஆளும் சம்பளமும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "அணைகளைப் பற்றிப் பேசுவீர்கள் என்று நினைத்தேன், சம்பளக் கணக்கையா எடுத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம். அணைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். ஆனால் திறப்பு விழாக் கல்வெட்டு இருக்கும் முன்வாசல் வழியாக அல்ல, ஒன்றாம் தேதி ஆட்கள் கையெழுத்துப் போட வரிசையில் நிற்கும் பின்வாசல் வழியாக.

இந்தத் தலைப்பு எனக்கு நூலகத்தில் கிடைத்ததல்ல. என் தாத்தா காவிரிப் பாசனப் பகுதியில் லஸ்கர். வாய்க்கால் தலைமதகின் திருகைத் திறப்பதும் மூடுவதும், அளவுகோலில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்து மேலே சொல்லியனுப்புவதும், இரவில் கரையைச் சுற்றி வருவதும் அவர் வேலை. வீட்டுக்கு இரண்டு வகையாக வரும்படி வந்தது. மாதம் பிறந்தால் சர்க்கார் சம்பளம். அறுப்பு முடிந்தால் களத்திலிருந்து ஊரார் அளந்து கொடுக்கும் நெல். இரண்டாவது சட்டத்தில் இல்லாதது. ஆனால் யாரும் அதைத் தவறென்று நினைக்கவில்லை. பாட்டி அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்: "சம்பளம் வேலைக்கு, நெல்லு தண்ணிக்கு."

இந்த ஒரு வரியை விரித்துச் சொல்வதுதான் இன்றைய என் பேச்சு. ஒருவன் யாரிடம் கூலி வாங்குகிறானோ அவர்களுக்குத்தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். தண்ணீரைக் காத்தவர்களின் கூலி களத்துமேட்டிலிருந்து கஜானாவுக்கு இடம் மாறியபோது அவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடமும் மாறியது. கஜானாவுக்குள்ளேயும் ஒரு விதி உருவானது: தண்ணீரிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறாயோ, அவ்வளவு அதிகம் சம்பளம்.

களத்தில் அளந்த கூலி

முதலில் பழைய ஏற்பாடு. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில் வரும் ஏரி வாரியத்தை இந்த அவையில் யாரும் அறியாமல் இருக்க முடியாது. முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏரியைப் பார்த்துக்கொள்ள ஊர்ச்சபை ஆளைத் தேர்ந்தெடுத்தது. ஏரி பராமரிப்புக்கென்று விடப்பட்ட நிலத்துக்கு ஏரிப்பட்டி என்று பெயர். ஆந்திரப் பகுதிகளிலும் அதை ஒட்டிய வட மாவட்டங்களிலும் தசபந்தம் என்ற மானியம் இருந்தது. ஏரியைப் பேணுவோருக்குப் பத்தில் ஒரு பங்கு என்பது அதன் சொற்பொருள்.

ஊர் மட்டத்தில் மதகைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சியவரை நீர்க்கட்டி என்றோம், நீர்ப்பாய்ச்சி என்றோம், கம்புகட்டி என்றோம், மடையர் என்றோம். மாவட்டத்துக்கு ஒரு பெயர். அவருக்குக் கூலி அறுவடையில் மேரை என்ற பங்கு. தண்ணீர் வந்து பயிர் விளைந்தால் அவருக்கும் நெல். கடைமடை காய்ந்தால் அந்த வயல்காரர் களத்தில் கையைச் சுருக்குவார். இதைவிடக் கறாரான தணிக்கை முறையை எந்தக் கணக்காயரும் எழுதிவிட முடியாது.

இதைப் பொற்காலமாக்கிப் பார்க்கும் பழக்கம் நமக்கு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நீர்க்கட்டி வேலை பல ஊர்களில் தலித் குடும்பங்களின் பரம்பரைக் கடமை. நீரைப் பங்கிடும் பொறுப்பு அவர்களுடையது, நிலம் பிறருடையது. ஊரே கூடி ஏரியைப் பேணிய வழக்கத்தைக் குடிமராமத்து என்று இன்று இனிக்க இனிக்கச் சொல்கிறோம். வண்டல் வாரக் கூடையோடு இறங்கியவர் யார், கரையில் குடையோடு நின்றவர் யார் என்று அந்தச் சொல் சொல்வதில்லை. 1858இல் சென்னை மாகாணத்துக்கென்று கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று இயற்றப்பட்டது. வழக்கமாக இருந்தது சட்டமானது. மறுத்தால் தண்டனை என்றானது. கூலியைக் கஜானாவுக்கு மாற்றிக்கொண்ட அதே அரசு, கூலியில்லாத உழைப்பை மட்டும் ஊரிடமே விட்டுவைத்தது. இந்தச் சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும்.

அரை ஆள் கணக்கு

கம்பெனி ஆட்சியில் மராமத்து என்பது ஒரே துறையாக இல்லை. மராமத்து என்ற அரபுச் சொல்லுக்குப் பழுது பார்த்தல் என்று பொருள். அந்தப் பெயரே அரசின் மனப்பான்மையைச் சொல்லிவிடும். 1850கள்வரை சென்னை மாகாணத்தில் பொதுப்பணிக்கு மூன்று எஜமானர்கள். ஏரி, வாய்க்கால், சிவில் கட்டடங்கள் வருவாய் வாரியத்தின் கையில். நெடுஞ்சாலைகளுக்குத் தனி மேற்பார்வையாளர். படைவீடுகளும் கோட்டைகளும் ராணுவ வாரியத்தின் பொறுப்பு. பொறியாளர்கள் என்று இருந்தவர்கள் பெரும்பாலும் சென்னைப் பொறியாளர் படையின் அதிகாரிகள். அடிஸ்கோம்ப் கல்லூரியில் படித்து, சீருடையோடு வந்து, ஏரிக்கரையில் நின்றவர்கள். ராணுவச் சம்பளமும் அதன்மேல் படியும் வாங்கினார்கள். போர் வந்தால் போய்விடுவார்கள், ஏரி காத்திருக்கும்.

ஆள் பற்றாக்குறை எவ்வளவு என்பதற்கு ஆர்தர் காட்டனின் அனுபவம் போதும். முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் மேலணையைக் கட்டியவர். கல்லணையைப் பார்த்துத்தான், மணற்படுகையில் கனமான கட்டுமானத்தை எப்படி நிறுத்துவது என்று கற்றுக்கொண்டதாக வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர். அவர் 1847இல் கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைத் தொடங்கியபோது அரசிடம் ஆறு பொறியாளர்கள் கேட்டார். கிடைத்ததை அவருடைய வாழ்க்கை வரலாறு பதிவு செய்கிறது: தொழில் கற்றுக்கொடுக்க வேண்டிய ஓர் இளைஞர், பயிற்சி நிலை நில அளவையாளர் இருவர், இவர்களோடு ஆர் என்ற அதிகாரியில் பாதி. ஆம், பாதி. மற்ற பாதி ஆர் தன் மாவட்ட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓர் ஆற்றையே மறிக்க, கணக்கில் அரை ஆள். மீதி ஆள் எங்கிருந்து வந்தது? வீணம் வீரண்ணா என்ற உள்ளூர் மேற்பார்வையாளர் ஆயிரக்கணக்கான தொழிலாளரைத் திரட்டிக் கொண்டுவந்தார். அணை 1852இல் முடிந்தது. அந்தப் பகுதியில் காட்டன் தெய்வமாகிவிட்டார். சிலைக்கு மாலை விழுகிறது. வீரண்ணாவை நினைப்பவர்களும் உண்டு, ஆனால் குறைவு. அந்தக் கூடைகளைச் சுமந்தவர்களின் பெயர் யாரிடமும் இல்லை.

1850களின் தொடக்கத்தில் சென்னைப் பொதுப்பணி ஆணையம் அமைந்தது. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி 1854இல் ராணுவ வாரியத்தின் கையிலிருந்து பொதுப்பணியைப் பிரித்தார். 1858வாக்கில் சென்னையிலும் மூன்று எஜமானர்கள் போய், ஒரு தலைமைப் பொறியாளரின் கீழ் ஒரே துறை வந்தது. தலைமைப் பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், செயற்பொறியாளர், உதவிப் பொறியாளர், ஓவர்சியர் என்று இன்றும் நாம் சொல்லும் படிக்கட்டு அப்போது வார்த்ததுதான். படிகளின் பெயர்கள் சற்று மாறியிருக்கலாம். உயரம் மாறவில்லை.

பிரபுவின் மாளிகையில் ஒரு கல்லூரி

ஒரு படிக்கட்டு கட்டினால் ஏறுவதற்கு ஆள் வேண்டும். சென்னையில் 1794இலேயே கோட்டையருகே நில அளவைப் பள்ளி எட்டு மாணவர்களோடு தொடங்கியிருந்தது. பின்னாளில் அது பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்குப் போனது. வடக்கே ரூர்க்கியில் 1847இலிருந்து கல்லூரி உண்டு. கங்கைக் கால்வாய்க்கு வேண்டிய ஆட்களை அங்கேயே வார்த்தார்கள். அதாவது இந்த நாட்டிலேயே பொறியாளரை உருவாக்க முடியும் என்பது 1870க்கு வெகு முன்பே நிரூபணமான விஷயம்.

ஆனாலும் 1872இல் இங்கிலாந்தில், வின்ட்சருக்கு அருகே, கூப்பர்ஸ் ஹில் என்ற குன்றின்மேல் இந்தியாவுக்கென்று ஒரு பொறியியல் கல்லூரி திறந்தார்கள். ஒரு நிதி வணிகப் பிரபுவின் மாளிகையை 55,000 பவுண்டுக்கு வாங்கி அதில் நடத்தினார்கள். முதல் தலைவர் ஜார்ஜ் செஸ்னி. ஜெர்மானியர் இங்கிலாந்தைப் பிடித்துவிடுவதுபோல் கற்பனைக் கதை எழுதி, 1871இல் நாட்டையே பதறவைத்தவர் அவர்தான். கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 150 பவுண்டு. தேறி வந்தவருக்கு உதவிப் பொறியாளர் வேலை. தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 4,200 ரூபாய், மாதம் 350. படிக்கட்டின் உச்சியில் இருந்த முதல் வகுப்புத் தலைமைப் பொறியாளருக்கு மாதம் 2,500.

ஏன் இவ்வளவு? கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் காலத்திலிருந்து ஒரு வாதம் உண்டு: உத்தியோகஸ்தனுக்குக் கை நிறையக் கொடு, அவன் கையூட்டு வாங்கமாட்டான். நல்ல வாதம். கம்பெனிக்காரர்கள் அடித்த கொள்ளையைப் பார்த்துப் பிறந்த வாதம். ஆனால் அந்த வாதம் படிக்கட்டில் பாதிவரைதான் இறங்கி வந்தது. ஓவர்சியருக்கும் மேஸ்திரிக்கும் அது பொருந்தும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மேலே இருப்பவனின் நேர்மை விலை கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு. கீழே இருப்பவனின் நேர்மையின்மையோ அவன் பிறவிக் குணம்! இதைத்தான் சம்பளப் பட்டியல் சொல்லாமல் சொன்னது.

ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும்

நண்பர்களே, இங்கே கொஞ்சம் நின்று போக வேண்டும். கூப்பர்ஸ் ஹில்லில் பயின்றவர்கள் வந்திறங்கத் தொடங்கிய அதே பத்தாண்டில்தான் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878வரை. பஞ்ச நிவாரணம் என்றால் அன்று சோறு போடுவது அல்ல, வேலை கொடுப்பது. சாலை, ஏரிக்கரை, கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய்ப் பகுதி அப்படி வெட்டியதுதான். அன்றைய ஆளுநர் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆயிற்று.

1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். செலவைக் குறைக்க வேண்டும் என்பது உத்தரவின் சாரம். டெம்பிள் கூலியைக் குறைத்தார். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதற்கும் கீழே. மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், உடலுழைப்புச் செய்பவனுக்கு இது உயிர்வாழவே போதாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் ஓரளவு உயர்த்தினார்கள். அதற்குள் போன உயிர்கள் போயின.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது நாளும் வேலை செய்தால் முப்பது அணா. ஒரு ரூபாய் பதினான்கு அணா. உதவிப் பொறியாளரின் 350 ரூபாய் என்பது 5,600 அணா. தானியத்தை விட்டுவிட்டு ரொக்கத்தை மட்டும் பார்த்தால் ஏறத்தாழ 187 மடங்கு. அதுவும் துறையில் அன்றைக்குச் சேர்ந்த இளைஞரோடு ஒப்பிட்டால். பொதுப்பணி என்ற ஒரே சொல்லின் இரண்டு முனைகள் இவை. ஒரு முனை ஓய்வூதியத்தில் முடிந்தது. இன்னொரு முனை பல சமயம் வேலைத்தளத்திலேயே முடிந்தது.

தனிமனிதர்களைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. பென்னிகுக் போன்ற ஒருவர் பெரியாற்றின் குறுக்கே அணை கட்ட 1887இலிருந்து 1895வரை காட்டிலும் மழையிலும் காய்ச்சலிலும் நின்றதை மறுப்பவன் நன்றி கெட்டவன். தேனியிலும் மதுரையிலும் அவர் படத்துக்கு முன் பொங்கல் வைப்பவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை. நான் பேசுவது மனிதர்களைப் பற்றி அல்ல, பட்டியலைப் பற்றி. நல்லவர்களும் அந்தப் பட்டியலில்தான் கையெழுத்துப் போட்டார்கள்.

ரூபாய் விழுந்தது, யாருக்கு வலித்தது?

1870களின் தொடக்கத்தில் ஒரு ரூபாய்க்குக் கிட்டத்தட்ட இரண்டு ஷில்லிங். பிறகு உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிய, ரூபாயும் சரிந்தது. 1890களின் நடுவில் ஒரு ஷில்லிங் ஒரு பென்னி அளவுக்கு வந்தது. ஆண்டுக்கு 4,200 ரூபாய் என்பது முன்பு 420 பவுண்டு. இப்போது சுமார் 227. இங்கிலாந்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்து, மாதந்தோறும் பணம் அனுப்பிய அதிகாரிகள் கூக்குரலிட்டார்கள். அந்தக் கஷ்டம் பொய்யல்ல.

அரசு 1893இல் செலாவணி ஈட்டுப்படி என்று ஒன்றைக் கொடுத்தது. சம்பளத்தில் பாதியை, ஓர் உச்சவரம்புக்குள், ரூபாய்க்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்னி என்ற கணக்கில் மாற்றிக்கொள்ளலாம்; வித்தியாசத்தை இந்தியக் கஜானா ஈடுகட்டும். இந்த மண்ணையே வாழிடமாகக் கொண்டவர்களுக்கு இந்தப் படி கிடையாது. ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே வரைபடத்தைப் பார்க்கும் இருவரில் ஒருவருடைய ரூபாய் இன்னொருவருடைய ரூபாயைவிடப் பெரிதானது.

இதற்கு ஓராண்டு முன்புதான் இன்னொரு கோடு விழுந்திருந்தது. 1886இல் அமைந்த ஐச்சிசன் ஆணையம், இந்தியருக்கு உயர்பணிகளில் இடம் தருவது எப்படி என்று ஆராய்ந்தது. அதையொட்டி 1892இல் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். இங்கிலாந்தில் தேர்வானவர்கள் பேரரசுப் பணி. இங்கே படித்துத் தேர்வானவர்கள் மாகாணப் பணி. மாகாணப் பணிக்குச் சம்பளம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. வேலையிலோ பொறுப்பிலோ மூன்றில் ஒரு பங்கு குறையவில்லை. சட்டக் கணக்கில் இங்கேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலோ-இந்தியரும் 'இந்தியர்' என்ற வகைக்குள் அடங்கினார்கள் என்பதால், அந்தக் கோடு நிறத்தின்மீது மட்டுமல்ல, பிறந்த ஊரின்மீதும் விழுந்தது.

தாதாபாய் நௌரோஜி இந்தியச் செல்வம் வெளியேறுவதைப் பற்றி எழுதியபோது ரயிலையும் ராணுவத்தையும் மட்டும் எண்ணவில்லை. சம்பளமும் ஓய்வூதியமும் அவர் கணக்கில் இருந்தன. பணத்தோடு சேர்ந்து அனுபவமும் கப்பலேறிப் போகிறது என்பது அவருடைய முக்கியமான வாதம். முப்பது ஆண்டு இந்த ஆறுகளைக் கற்றவர் ஓய்வு பெற்றதும் அந்த அறிவோடு போய்விடுகிறார். காவிரியின் போக்கை அறிந்த மூளை இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிற்றூரில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்.

இந்தச் சுவரில் முட்டி வெளியே வந்தவர்களில் நாம் நன்கு அறிந்தவர் விசுவேசுவரய்யா. 1884இல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். உச்சப் பதவி தன்னைப் போன்றவருக்கு எட்டாது என்று கண்டு 1908இல் தாமாகவே விலகினார். அடுத்த ஆண்டே மைசூர் சமஸ்தானம் அவரைத் தலைமைப் பொறியாளராக அழைத்துக்கொண்டது, 1912இல் திவான். பிரிட்டிஷ் இந்தியாவின் சம்பளப் பட்டியல் தள்ளிய மனிதரை ஒரு சமஸ்தானம் பிடித்துக்கொண்டது. அங்கே அவர் எழுப்பிய கண்ணம்பாடி அணை அந்தப் பட்டியலுக்கு எழுதப்பட்ட பதில்.

ஓவர்சியரின் இடம்

படிக்கட்டின் நடுப்பகுதியைத் தாண்டி இறங்கினால் ஓவர்சியர், சப் ஓவர்சியர். அவர்களுக்கும் கீழே மேஸ்திரி, லஸ்கர், காவலாள். இந்த உலகத்தின் வேதம் இரண்டு புத்தகங்கள். ஒன்று அளவுப் புத்தகம், எம்.புக் என்பார்கள். எத்தனை கன அடி மண் வெட்டினார்கள், எத்தனை கன அடி கல் அடுக்கினார்கள் என்று அதில் எழுதினால்தான் பணம். இன்னொன்று மஸ்டர் ரோல், நாள்கூலி ஆட்களின் பெயர்ப்பட்டி.

அளவுப் புத்தகத்தில் முதல் கோடு போடுபவர் ஓவர்சியர். செயற்பொறியாளர் மாவட்டத்தையே சுற்ற வேண்டியவர். ஒவ்வொரு கரையையும் அவரால் அளந்து பார்க்க முடியாது. ஆக, துறையின் பணம் முழுவதும் குறைந்த சம்பளக்காரர் ஒருவரின் பேனாமுனை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அவரிடம் அதிகாரம் பெரிது, சம்பளம் சிறிது. இந்த இடைவெளியில் முளைத்த செடிக்குத்தான் மாமூல் என்று பெயர். மாமூல் என்றால் வழக்கம். லஞ்சம் என்ற சொல்லுக்கு இருக்கும் கூச்சம் அதற்கு இல்லை. ஒப்பந்தக்காரருக்கு அது விலையில் சேர்த்துவிடும் ஒரு செலவு.

காலனிய அதிகாரிகள் இதைச் சுதேசிகளின் ஒழுக்கக் குறை என்று எழுதினார்கள். அவர்களுடைய சொந்த வாதத்தையே கீழ்ப்படிக்கும் நீட்டியிருந்தால், அது சம்பளப் பட்டியலின் குறை என்று எழுதியிருப்பார்கள். மாமூலுக்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கடைமடைக்காரன் வயிற்றில் அடித்த பணம் அது. ஆனால் பட்டியல் எழுதியவர்கள் கை கழுவிக்கொண்டு போக முடியாது என்கிறேன்.

நாள்கூலி ஆட்களின் நிலை இன்னும் விசித்திரம். நிரந்தர ஊழியர் செலவை அமைப்புச் செலவு என்று தனியாகக் காட்டினார்கள். அந்தச் சதவீதம் ஏறினால் மேலிடத்தில் கேள்வி வரும். அதனால் மேஸ்திரியையும் காவலாளையும் குறிப்பிட்ட வேலையின் செலவுக்குள்ளேயே எழுதிவிடுவது ஒரு வசதி. ஒர்க் சார்ஜ்டு என்று நம் அலுவலகங்களில் இன்றும் வழங்கும் சொல் அங்கே பிறந்தது. சிமென்ட், சுண்ணாம்பு, ஜல்லியோடு சேர்ந்து ஆளும் ஒரு செலவினம். வேலை முடிந்தால் ஜல்லியும் முடியும், ஆளும் முடிவான்.

பட்டியலை மாற்றியவர்கள்

இருபதாம் நூற்றாண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டியலைத் திருத்தியது. கூப்பர்ஸ் ஹில் 1906இல் மூடப்பட்டது. இரட்டையாட்சியில் சாலையும் கட்டடமும் இந்திய அமைச்சர்களின் கைக்கு வந்தன. பாசனம் ஒதுக்கப்பட்ட துறையாகவே நின்றது. நீர் வரியும் நில வரியும் எங்கே இருந்தனவோ அங்கே பிடி தளரவில்லை. 1924இல் லீ ஆணையம் பாசனப் பொறியாளர் பணிக்கு ஐரோப்பியர் 40, நேரடியாகச் சேரும் இந்தியர் 40, மாகாணப் பணியிலிருந்து உயர்பவர் 20 என்று நூற்றுக்கணக்கில் பங்கு பிரித்தது. கூடவே ஐரோப்பிய அதிகாரிகளுக்குக் கப்பல் பயணச் செலவையும் சேர்த்துப் பரிந்துரைத்தது.

1934இல் மேட்டூர் அணை திறந்தபோது நம்மவர் பலர் அதில் பொறியாளராக உழைத்திருந்தார்கள். நீர்த்தேக்கத்துக்கு ஆளுநர் ஸ்டான்லியின் பெயர். உபரிநீர்ப் போக்கிக்குப் பொறியாளர் எல்லிஸின் பெயர்.

நாம் நடத்திய போராட்டம் எதைக் கேட்டது என்று யோசித்துப் பார்க்கிறேன். உச்சிப் படியில் நமக்கும் இடம் வேண்டும் என்று கேட்டோம், நியாயமான கேள்வி, கிடைத்தது. படிகளுக்கு இடையே உள்ள உயரத்தைக் குறைக்க வேண்டும் என்று அதே வேகத்தில் கேட்டோமா? 1947இல் நாற்காலிகளில் ஆள் மாறினார்கள். அளவுப் புத்தகமும் மஸ்டர் ரோலும் ஒர்க் சார்ஜ்டும் அப்படியே நம் கைக்கு வந்தன. என்.எம்.ஆர். பணியாளர் என்று நாம் சொல்லும்போது, அந்த மூன்றெழுத்தும் அதே மஸ்டர் ரோலின் சுருக்கம்தான்.

மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அணைகளின் வரலாற்றை எழுதும்போது சம்பளப் பட்டியலையும் புரட்டுங்கள். மேல்படிக்காரர்களுக்கு ஆவணக் காப்பகத்தில் பணிப்பதிவு இருக்கிறது, கல்வெட்டு இருக்கிறது, சிலை இருக்கிறது. மஸ்டர் ரோல் குறித்த காலத்துக்குப் பிறகு அழித்துவிடலாம் என்று விதியுள்ள தாள். அழிந்தது போக எங்காவது ஒரு கட்டு மிஞ்சியிருந்தால் அதைத் தேடுங்கள். கையெழுத்துக்குப் பதிலாக வரிசையாகக் கட்டைவிரல் ரேகைகள் இருக்கும்.

என் தாத்தா ஓய்வு பெற்ற பிறகும் ஓரிரு ஆண்டுகள் களத்திலிருந்து நெல் வந்தது. அவர் அந்த வேலையில் இல்லை, மதகுச் சாவி வேறொருவர் கையில். ஏன் கொடுக்கிறார்கள் என்று சிறுவனாகப் பாட்டியிடம் கேட்டேன். பாட்டி முறத்தைத் தட்டிக்கொண்டே, "ராத்திரியில கரை உடையாமப் பாத்தாருல்ல, அந்தப் பாக்கி" என்றார்.

சர்க்கார் கணக்கில் அவருக்குப் பாக்கி எதுவும் இருந்ததில்லை.